இடது மூலையில் ஒரு குழாய்

தோல் ஷாப்புச் சுவரில் கடல் வரைய வேண்டும் என்று அழைப்பு வந்தபோது மணிமேகலை முதலில் கேட்டது சுவரின் நீளத்தைத்தான்.

“மூணு பஸ்ஸ வரிசையா நிப்பாட்டலாம் மேடம், அம்புட்டு நீளம்” என்றான் போனில் பேசிய இனிகோ.

அதற்குமேல் அவளுக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிய நாள் முதல் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டுச் சுவர்கள். பால்வாடியில் அணில், கல்யாண மண்டபத்தில் மயில், தேர்தல் வந்தால் எழுத்து. நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். தனியார் பள்ளி ஒன்றில் வாரத்துக்கு இரண்டு நாள் டிராயிங் வகுப்பு. கணவன் முகேஷ்குமாருக்குத் திருப்பூரில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம், “இன்னமும் சாரத்துல ஏறிக்கிட்டுத்தான் இருக்கியா?” என்று கேட்டுவிட்டுப் போவான். படித்த படிப்பு மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

தோல் பதனிடும் அந்த ஆலை ஊருக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி இருந்தது. சுவர் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது. சுவரின் இடது மூலையில், முழங்கால் உயரத்தில், ஒரு சிமென்ட் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நேரம் பழுப்பாகவும் ஒரு நேரம் நீலம் பூத்த சாம்பலாகவும் அதிலிருந்து தண்ணீர் வந்து, நுரை தள்ளியபடி ஓடையில் விழுந்து, கருவேலம் புதருக்குள் போய் மறைந்தது. அங்கிருந்து குடகனாறு. எதிரே ஒரு பஸ் நிறுத்தம். அங்கே நின்றவர்கள் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தக் குழாயைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆலையின் நற்பணிகளைக் கவனிப்பது இனிகோவின் வேலை. வாத்தியார் வீட்டுப் பிள்ளை. முப்பது வயதுக்குள் இருக்கும். வரும்போதே அவளுக்கு ஒரு முகக்கவசம் வாங்கி வந்திருந்தான்.

“நம்மகிட்ட தோல் வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி, இந்த வருஷம் கடல் பாதுகாப்புன்னு சொல்லியிருக்காங்க மேடம். போன வருஷம் மரம். அதுக்கு முந்தி பெண் கல்வி.” சொல்லிவிட்டு அவனே லேசாகச் சிரித்தான். “இங்க எதுக்குக் கடல்னு நீங்க நினைக்கிறது புரியுது. நாலு பேரு பாத்து நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான?”

மணிமேகலை கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அப்பா இறந்த வருஷம், ராமேஸ்வரத்தில். காரியம் முடித்தவர்கள் தண்ணீரில் விட்டுப்போன வேட்டிகளும் சேலைகளும் அடியில் கிடந்து அவள் கால்களைச் சுற்றிக்கொண்டன. ஒவ்வொன்றாக உதறிவிட்டுத்தான் முங்கி எழுந்தாள். கடல் என்றதும் அவளுக்கு நினைவு வருவது நீலம் அல்ல, காலைப் பிடிக்கிற ஈரத்துணிதான்.

அடுத்த சில நாட்கள் அவள் தூரிகையைத் தொடவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் குடையோடு உட்கார்ந்து, மனிதர்கள் சுவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்த்தாள். சுவர் பக்கம் திரும்பியவர்கள் எல்லாரும் இடது ஓரத்திலிருந்தே பார்க்கத் தொடங்கினார்கள். படிக்கிறபோதும் நம் கண் இடமிருந்துதான் புறப்படுகிறது. ஆக, படத்தின் தொடக்கம் இடது மூலை. அங்கேதான் அந்தக் குழாய் இருந்தது.

அதை உணர்ந்ததும் குடையை மடக்கிவிட்டு எழுந்தாள். குழாயை மறைக்க வேண்டியதில்லை. குழாயிலிருந்தே படத்தைத் தொடங்கிவிடலாம். அதன் வாயிலிருந்து ஒரு பழுப்பு நாடா புறப்பட வேண்டும். வயலைக் கடந்து, ஆறாகி, வளைந்து வளைந்து போய்க் கடலில் கலக்க வேண்டும். கலந்த இடத்தில் நீலம் செத்துப்போக வேண்டும். பார்க்கிறவன் கண் அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டு கடல் வரை போகும். போன வழியே திரும்பி வந்து குழாயில் முட்டி நிற்கும். ஒரு சொல்கூட எழுத வேண்டாம். படமே சொல்லிவிடும்.

காகிதத்தில் வரைந்து இனிகோவிடம் காட்டினாள்.

“டால்பின் எங்க மேடம்?”

“டால்பின் வேணாம் சார். பத்து உசுர வரஞ்சா ஒண்ணையும் பாக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு வரைவோம், பெருசா. ஆமை. சுத்தியும் மங்கல் கலரு, ஆமை மேல மட்டும் வெளிச்சம். கண்ணு தன்னால அங்க போயிரும்.”

“வலது பக்கம் காலியா இருக்கே?”

“அது காலியாத்தான் இருக்கணும். வெறும் வெள்ளை. ஆமையத் தாண்டி வர்ற கண்ணு அங்க வந்து ஒண்ணுமில்லாம நிக்கணும். கடல்ல எல்லாம் அழிஞ்சு போகும்னு எழுதிப் போட்டாப் படிச்சிட்டு மறந்துருவாங்க. காலியா விட்டாத்தான் மனசு சங்கடப்படும்.”

“நெகட்டிவ் ஸ்பேஸ், வேணும்னே காலியா விடுற எடம்” என்றான் இனிகோ. அவள் வியப்போடு பார்த்தாள். “டிசைன் கோர்ஸ் ஒண்ணு ஆன்லைன்ல படிச்சேன் மேடம். பாதியில விட்டுட்டேன்.” பிறகு விரலால் அந்த நாடாவைத் தொட்டான். “இது?”

“ஆறு சார். ஆறு போய்த்தான கடல்ல சேருது.”

அது பொய் இல்லை. ஆனால் காகிதத்தில் அவள் குழாயை வரைந்திருக்கவில்லை. படம் அப்படியே ஒப்புதலாகி வந்தது.

சாரம் கட்டி, சுவரைச் சுரண்டி, பட்டி பூசிக்கொண்டிருந்த நாளில்தான் பொன்னழகு வந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம், புதர்களுக்குப் பின்னால் அவளுடைய கனகாம்பரத் தோட்டம் இருந்தது. தினமும் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வெறுங்கூடையோடு இதே நிறுத்தத்தில் இறங்குவாள். மணிமேகலைக்கு அக்கா வயது. வெயிலில் காய்ந்த, எலும்பு தெரிகிற உடம்பு.

“என்ன தங்கச்சி, கட்சிக்காரவுக எழுத்தா?”

“இல்லக்கா. கடல் வரையப் போறேன்.”

பொன்னழகு ஓடையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். “கடலுக்கு என்ன வந்துச்சாம்?”

“கெட்டுப்போகுதாம்க்கா. அதக் காப்பாத்தணும்னு.”

“கெட்டதக் காப்பாத்த அம்புட்டுத் தூரம் போக வேணாமே, எங்கெணறு இந்தா இருக்கு.” கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் கருகுகிறது, பூ சிறுத்துப்போகிறது, மார்க்கெட்டில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறார்கள் என்றாள். குழாயைப் போட்டோ எடுத்து ஒட்டிக் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறாளாம். முன்பு கொடுத்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியாதாம். இந்தத் தடவை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

மணிமேகலை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். சாக்பீஸால் குழாயிலிருந்து ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். “இங்கருந்து கெளம்பி, இப்பிடியே கடலுக்குப் போகுதுக்கா. பாக்குறவங்க கண்ணு திரும்பித் திரும்பி இந்தக் குழாய்க்குத்தான் வரும். வராம இருக்காது.”

“நெசமாவா?”

“நெசமா. அதுக்குத்தான நான் படிச்சேன்.”

பொன்னழகு அந்தக் கோட்டின் மேலேயே நடந்து சுவரின் அடுத்த முனை வரை போனாள். அதேபோல் திரும்பி வந்தாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மறுநாளிலிருந்து திரும்பி வரும்போது ஒரு தூக்கில் மோரும், விற்காமல் மிஞ்சிய ஒரு முழம் பூவும் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தாள். மணிமேகலை சாரத்தின் மேலே உட்கார்ந்து மோரைக் குடிப்பாள். கீழே நின்று பொன்னழகு படம் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

மணிமேகலை தன் வாழ்நாளில் அப்படி வேலை செய்ததில்லை. ஆமையின் ஓட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பச்சை கலந்தாள். கண்ணை மட்டும் பல தடவை அழித்து அழித்து வரைந்தாள். மேலிருந்து சாய்வாக விழுகிற வெளிச்சத்தில், ஒரு துடுப்பை நீட்டியபடி, அது நீந்துகிறதா மூழ்குகிறதா என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. நாடாவை ஆற்றின் நெளிவோடு, ஒரு வளைவுக்கு அடுத்த வளைவு பதில் சொல்வதுபோல் கொண்டுபோனாள். வலப்புறத்தை வெள்ளையாக விட்டாள். சாரத்தைப் பிரித்த அன்று எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. யார் வரைந்தது என்று மறந்துபோகிற அளவுக்கு நன்றாக வந்திருந்தது.

அதன்பிறகு அவள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, முன்பு செய்ததுபோலவே, மனிதர்களின் கண்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

காலேஜ் பெண்கள் மூன்று பேர் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், “ஏய், ஆமைடி!” என்று கத்திக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினார்கள். ஆமையோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போன வண்டிக்காரர் வண்டியை மெதுவாக ஓட்டி, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆமையின் கண் அவன் போகிற பக்கமெல்லாம் திரும்புகிறதா என்று இங்குமங்கும் நடந்து பார்த்தான். மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கண் ஆமை மேல் இருந்தது.

குழாயை ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் நாள் தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாடா இடமிருந்து வலமாக ஓடுகிறது. கண்ணை அது குழாயிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. போன கண்ணை ஆமை பிடித்து வைத்துக்கொள்கிறது. திரும்பி வர அதற்கு ஒரு காரணமும் இல்லை. சுவர் வெறுஞ்சுவராக இருந்தபோது பார்ப்பதற்குக் குழாய் ஒன்றுதான் இருந்தது, அதனால் பார்த்தார்கள், பார்த்துத் திட்டினார்கள். இப்போது பார்க்க வேறு இருக்கிறது. கல்லூரியில் கற்ற அத்தனையையும் அவள் சரியாகத்தான் செய்திருந்தாள்.

“எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாக தங்கச்சி” என்றாள் பொன்னழகு. பிறகு தயங்கி, “குழாயப் பத்தி யாரும் பேசக் காணாமே?” என்றாள்.

“பேசுவாங்கக்கா. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு.”

மறுநாள் ஆமையின் மேல் ஒரு மெல்லிய சாம்பல் பூச்சுக் கொடுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று தூரிகையை நனைத்தாள். கை எழவில்லை. அதற்குப் பதிலாக, குழாய் வாயைச் சுற்றி, படத்தில் வேறெங்குமே இல்லாத சிவப்பில், கை அகலத்துக்கு ஒரு வளையம் போட்டாள். அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். மறுபடி சிவப்பு. இப்போது ரோட்டின் திருப்பத்திலிருந்தே குழாய் தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் நேராக அதைப் பார்த்தார். “இந்தச் சனியன இன்னும் அடைக்கலயா?” என்றார். மணிமேகலைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் முதலாளியின் கார் வருகிற வரைதான். கார் நின்றது, கண்ணாடி இறங்கியது, ஏறியது, கார் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இனிகோ வெளியே வந்தான்.

“மேடம், அந்தச் சிவப்பு நம்ம டிசைன்ல இல்லையே.”

“ஓரத்துல கொஞ்சம் அழுத்தம் தேவைப்பட்டுச்சு சார்.”

இனிகோ சுவரை நெடுநேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவன் தாழ்ந்த குரலில், “பேலன்ஸ் போயிருச்சு மேடம். இடது பக்கம் ரொம்ப கனமாயிருச்சு. ஆமையே எடுபடல” என்றான். அவன் சொன்னது உண்மையாகவே இருந்தது. அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்ததுதான் கொடுமை. “சுத்திகரிப்பு மிஷினுக்கு நானே ஃபைல் போட்டிருக்கேன் மேடம். அடுத்த வருஷம் கட்டாயம் வந்துரும். அதுவரைக்கும் நாம சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?”

“அப்ப சிவப்ப அழிச்சிரவா?”

“வேணாம். முதலாளி வேற மாதிரி சொல்லியிருக்காரு. குழாயே அங்க வேணாமாம். இம்புட்டு அழகான படத்துக்குப் பக்கத்துல அது இருக்கலாமான்னு கேக்குறாரு.”

குழாயே வேண்டாம் என்றதும், கழிவுநீரே நின்றுவிடப்போகிறது என்று ஒரு கணம் அவள் முட்டாள்தனமாக நம்பிவிட்டாள். மறுநாள் ஜேசிபி வந்தது. சுவரை ஒட்டி மண்ணைத் தோண்டிக்கொண்டே போய், புதரைச் சாய்த்து, ஓடையின் அடுத்த திருப்பம் வரைக்கும் போனது. பின்னாலேயே குழாய்களை இறக்கிப் புதைத்துக்கொண்டு வந்தார்கள்.

அவள் இனிகோவிடம் ஓடினாள். “சார், அந்தப் பக்கம் பூந்தோட்டம் இருக்கு. ஒரு அக்காவோட கெணறு இருக்கு.”

“வரப்புக்கு வெளியதான் மேடம் போகுது. அளந்து பாத்துட்டாங்க.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அங்க ரோடு இல்ல. யாரு கண்ணுலயும் படாது.”

பொன்னழகு அன்று வந்தபோது பள்ளத்தின் ஓரமாகவே நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கையில் மோர்த்தூக்கு இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

“நாந்தான்க்கா காரணம்” என்றாள் மணிமேகலை. “நான் அந்தச் சிவப்பப் போடாம இருந்திருந்தா...”

“போட்டதுக்குத்தான் நானும் சந்தோசப்பட்டேன்” என்றாள் பொன்னழகு. “கெணத்து மேட்டுக்குப் பக்கத்துலயே வந்து வாயத் தொறந்துருக்கு. செத்த நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். என்னத்தச் சொல்ல.” தூக்கோடு போய்விட்டாள்.

பழைய குழாய் இருந்த இடத்தைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். படத்தின் மூலையில், சிவப்பு வளையத்துக்கு நடுவே, ஒரு சாம்பல் திட்டு ஈரத்தோடு நின்றது. மணிமேகலை சாமான்களைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். வாளிகளைக்கூடக் கழுவிவிட்டாள். போகிறபோது எதிர்ப்புறத்திலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தத் திட்டு முழுப் படத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தது. நாடா எங்கிருந்தோ மொட்டையாகக் கிளம்பியது. வேறு யாரையாவது கூப்பிட்டு அதன்மேல் எதையாவது வரையச் சொல்வார்கள். அதை நினைத்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. திரும்பிப் போனாள். சிவப்பை அழித்தாள். சிமென்ட் காயக் காத்திருந்து, பிரைமர் அடித்து, நாடாவின் தொடக்கத்தைப் பாறைகளுக்கு நடுவே பிறக்கிற ஒரு ஊற்றாக மாற்றினாள். பழுப்பு அங்கே தேனின் நிறம்போல ஆகிவிட்டது. சுவர் இப்போது நிறைவாக இருந்தது. தன் கையாலேயே அதைச் செய்தாள். ஒருவரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு வெகுநாள் வரை அவளால் தனக்கே விளக்கிச் சொல்ல முடியாமல் போனது அந்த ஒரு பிற்பகல்தான்.

திறப்பு விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். அதற்கு முந்தின நாள் எழுத்துக்காரர் ஒருவர் வந்து, வெள்ளையாக விட்டிருந்த வலப்புறம் முழுக்க, ‘கடலைக் காப்போம், நாளையைக் காப்போம்’ என்று எழுதி, கீழே ஆலையின் சின்னத்தையும் வெளிநாட்டுக் கம்பெனியின் சின்னத்தையும் போட்டிருந்தார். மணிமேகலைக்குச் சால்வை போர்த்தினார்கள். பேசச் சொன்னபோது, “நன்றி” என்று மட்டும் சொன்னாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

விழா முடிந்து சில நாட்கள் கழித்து, சுவருக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. பொன்னழகு கொடுத்த மனுவைப் பார்த்து ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பொன்னழகுவும் கூட இருந்தாள். வந்தவர்களில் மூத்தவர் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“எங்கம்மா குழாய்?”

“அத அங்கிட்டு மாத்திட்டாக சார். புதருக்குள்ள, எந்தோட்டத்துப் பக்கம். வாங்க, காட்டுறேன்.”

“மனுவுல சுவத்து மூலைன்னுதான இருக்கு? எங்களுக்கு அதத்தான் பாக்கச் சொல்லி வந்திருக்கு. இங்க குழாயே இல்லையே.”

“இருந்துச்சு சார்! போட்டோவுல இருக்குல்ல?” பொன்னழகு திரும்பினாள். “தங்கச்சி, நீ சொல்லு. இங்கதான இருந்துச்சு? நீதான மேல வரஞ்ச?”

மணிமேகலை வார்னிஷ் டப்பாவைக் கீழே வைத்தாள். “ஆமா சார். இங்கதான் இருந்துச்சு.” பையிலிருந்து பட்டி போடும் தகட்டை எடுத்து, அந்த ஊற்றின் மேல் வைத்துச் சுரண்டினாள். பெயின்ட் லேசில் வரவில்லை, நல்ல பெயின்ட். இரண்டு கையாலும் பிடித்து அழுத்திச் சுரண்டினாள். பாறை போனது, தேன்நிறம் போனது, பிரைமர் வெளுப்பாக உரிந்தது. அடியில் வட்டமாகச் சிமென்ட் தெரிந்தது. விரல் கிழிந்து ரத்தம் வந்ததை அவள் கவனிக்கவில்லை. “பாருங்க சார். குழாயோட வட்டம். புதுச் சிமென்ட். இங்கருந்துதான் வந்துச்சு.”

மூத்தவர் குனிந்து பார்த்தார். இளையவர், “நல்லா இருந்தத ஏம்மா கெடுக்குறீங்க?” என்று வருத்தப்பட்டார்.

மூத்தவர் நிமிர்ந்தார். “சரி. குழாய் இருந்திருக்கு. இப்ப அடைச்சிருக்காங்க.” பேனாவை எடுத்தார். “அப்ப மனுதாரர் கேட்டது நடந்துருச்சுல்ல? குழாய் அடைக்கப்பட்டது. புகார் சரிசெய்யப்பட்டது.”

“சார், அந்தப் பக்கம்...”

“அதுக்குப் புதுசா ஒரு மனுக் குடும்மா. இதோட அதச் சேக்க முடியாது.” அவர் கெட்டவராகத் தெரியவில்லை. வெயிலில் களைத்திருந்தார். போவதற்கு முன் இருவரும் ஆமையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். இளையவர் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ஜீப் போனபிறகு பொன்னழகு சுவரடியில் உட்கார்ந்தாள். மணிமேகலையின் கையைப் பிடித்து, முந்தானை நுனியைக் கிழித்து விரலில் சுற்றிக் கட்டினாள். எதிரே பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சுரண்டிய இடத்தை இனிகோ வேறு ஆளை வைத்துச் சரி செய்துவிட்டான். அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை, போனில் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். அவன் ஃபைல் என்ன ஆனது என்று தெரியவில்லை. சில மாதங்களில் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

மணிமேகலை பொன்னழகுவோடு போய்ப் புது மனு எழுதிக் கொடுத்தாள். அதற்கு ஒரு எண் கொடுத்தார்கள். அந்த மனுவுக்காகப் புதுக் குழாயின் வாயைப் போட்டோ எடுக்கப் போனபோதுதான் முதல்முறையாகத் தோட்டத்தைப் பார்த்தாள். கனகாம்பரச் செடிகள் வரிசையாக நின்றன. பூ இருந்தது, ஆனால் கிள்ளியெடுத்தால் கையிலேயே கருத்துப்போனது. கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்ததுபோல் ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது. வானவில்லின் அத்தனை நிறமும் அதில் இருந்தது. அழகாக இருக்கிறது என்று ஒரு நொடி மனசு சொன்னதும் அவள் சட்டென்று பின்வாங்கிக்கொண்டாள்.

மழைக்காலம் ஒன்று பொய்த்துப்போய்க் கடந்தது. குடகனாற்றில் தண்ணீர் என்று ஓடியது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். அதுவும் பாதி வழியில் மணலில் சுவறிப்போனது. கடல் வரை போவதற்கு அதில் தெம்பில்லை. பொன்னழகு தான் வளர்த்த ஆடுகளை அய்யலூர்ச் சந்தையில் விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, கீரனூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. மார்க்கெட்டில் பூக்காரி ஒருத்தி சொல்லித்தான் மணிமேகலைக்குத் தெரிந்தது.

நெடுநாள் தயங்கி ஒருநாள் போன் செய்தாள்.

“யாரு, தங்கச்சியா? நல்லாருக்கியா ஆத்தா? வெரலு ஆறிருச்சா?”

“ஆறிருச்சுக்கா. நீங்க எப்பிடி இருக்கீங்க?”

“இருக்கேன். மருமகன் தோட்டத்துல தக்காளி பறிக்கப் போறேன். இங்குன எல்லாரும் வாங்க போங்கன்னு மருவாதியாத்தான் பேசுறாக. மருவாதிக்கு ஒண்ணும் கொறச்சலில்ல.” குரல் கொஞ்சம் இறங்கியது. “தண்ணி நல்லாருக்கு. குடிக்கிறப்பல்லாம் நம்ம கெணறு நெனப்பு வருது. அம்புட்டுத்தான்.”

“மனு என்னாச்சுன்னு போய்க் கேக்கவாக்கா?”

“கேளு, முடிஞ்சாக் கேளு. ஆனா இனிமே அங்குன யாரு இருக்கா?” பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. “இப்ப எங்குன வரையிற?”

“ஒரு பல் ஆஸ்பத்திரிக்கா. உள்பக்கச் சுவரு.”

“என்ன படம்?”

“கடல்தான்க்கா கேக்குறாங்க. அந்தச் சுவத்தப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டாங்க.”

“ம்” என்றாள் பொன்னழகு. மறுபடியும் அந்தக் குரல் அவளைக் கூப்பிட்டது. “சரி ஆத்தா. வண்டி வந்துருச்சு, ஏத்தணும். வைக்கிறேன்.”